அப்புவுக்குப் போட்டாச்சா?

கொச்சியில், தோப்பும்படி கிளினிக்கின் எடைப் பலகையில் முப்பத்தொன்பது கிலோ இருநூறு கிராம் என்று எண் வந்து நின்றது. முதல் மார்க் வாங்கிய பிள்ளையைப் போல அப்பு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு கங்காவை நிமிர்ந்து பார்த்தான்.

“சேச்சி, போன வருஷம் தடுப்பூசிக்கு வந்தப்போ முப்பத்திமூணு,” என்றாள் டாக்டர் ஷெரின். “இவன் எந்து சாப்பிடறான்? சார் வேலை பார்க்கற கோடவுன்ல மிளகு மூட்டையா?”

ஷெரின் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தவள். அங்கே பிடித்துக்கொண்ட தமிழை கங்கா வந்தால் மட்டும் ஆசையாக எடுத்துப் பேசுவாள். பேசத்தான் வரும், படிக்க வராது.

அப்புவைப் படுக்க வைத்து வலது பின்னங்காலை மெல்ல மடக்கி நீட்டினாள். அவன் முனகினான். நெஞ்சில் குழாயை வைத்து அவள் நெடுநேரம் கேட்டாள். சிரிப்பு போய்விட்டது.

“மூட்டுல நார் கிழிய ஆரம்பிச்சிருக்கு. ஏழு வயசுக்கு இந்தக் கனம் தாங்காது. முப்பத்தஞ்சு கிலோவுக்கு வந்தா மாத்திரையும் நடையும் போதும். வரலைன்னா கத்திதான். ஆனா சேச்சி, இவன் இதயத்துல ஒரு சத்தம் கேக்குது. மயக்க மருந்து குடுக்க எனக்குப் பயம். டிசம்பர் வரை பொறுத்து நோக்காம்.”

கங்காவின் கை தானாக அப்புவின் காதைப் பிடித்துக்கொண்டது.

“காலைல நூத்தி நாப்பது கிராம், சாயங்காலம் நூத்தி நாப்பது. இந்தத் தீனி மட்டும். பசின்னு அழுதா வெள்ளரிக்கா, பீன்ஸ், வேகவச்ச பூசணி. என்ன குடுத்தாலும் ஒரு நோட்டுல எழுதணும். வீட்ல யார் யார் குடுக்கறாங்களோ எல்லாரும் எழுதணும். பிஸ்கட் கண்டிப்பா கூடாது. யார் குடுக்கறது பிஸ்கட்?”

அந்த பிஸ்கட்டுகளின் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கங்காவுக்குத் தெரியவில்லை.

அது ஜூன் மாதம் ஆரம்பித்தது. மகள் ஸாதனாவுக்குக் கட்டடக்கலை படிக்க இரண்டு இடங்களில் இடம் கிடைத்தது. ஒன்று பாலம் கடந்தால் எர்ணாகுளம், இன்னொன்று புனே. புனேதான் வேண்டும் என்று அவள் அம்மாவிடம் மட்டும் அழுதாள். சம்மதக் கையெழுத்துக்குக் கடைசி நாளன்று கணவர் சங்கர்ராம் மிளகு பார்க்க இடுக்கிக்குப் போயிருந்தார். போனில் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று கங்கா தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். வந்ததும் சமாதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் காய்கறி வாங்கப் போன இடத்தில் சந்தோஷம் தாங்காமல் இசக்கிசெல்வியிடம் உளறிவிட்டாள். இசக்கிசெல்வியின் கணவன் பிச்சைமணி, சங்கர்ராமின் கோடவுனில் மூட்டை தூக்குபவன். மறுநாள் காலை அவன் வாயெல்லாம் பல்லாக, “சாமி, பாப்பா புனாவுக்குப் போவுதாமே!” என்று கேட்டான்.

அன்று சாயங்காலம் சங்கர்ராம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “மட்டாஞ்சேரி முழுக்கத் தெரிஞ்ச அப்புறமாக்கும் எனக்குத் தெரியணும், இல்லையா?”

“சொன்னா ஒத்துண்டிருப்பேளா?”

“கேட்டிருக்கலாம்,” என்றார்.

அதற்குப் பிறகு அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஸாதனாவை ரயிலேற்றிவிட இரண்டு பேரும்தான் போனார்கள். கை காட்டினார்கள், திரும்பி வந்தார்கள். ஆட்டோவில் பாலம் முழுவதும் ஆளுக்கொரு பக்கத்துக் காயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கங்காவுக்கும் வீம்பு வந்துவிட்டது. இருபது வருஷக் கல்யாணத்தில் ஒரு கையெழுத்துக்கு இவ்வளவா?

ஆனால் ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் கேஸ் தீர்ந்துபோகும், குழாய் ஒழுகும். ஆகவே அப்பு தூதன் ஆனான்.

“அப்பு, உங்கப்பாகிட்டச் சொல்லு, கேஸ் நாளைக்கு வராது.”

“அப்பு, நான் கேட்டுண்டுதான் இருக்கேன்னு சொல்லு.”

செய்தி முடிந்ததும் கூலியாக ஒரு பிஸ்கட். பதில் சொன்னவரும் ஒரு பிஸ்கட் கொடுப்பார். ஒரு மாதத்தில் அப்பு, யாராவது தொண்டையைச் செருமினாலே ஓடிவந்து இருவருக்கும் நடுவில் உட்காரக் கற்றுக்கொண்டான். வீடியோவில் பார்த்த ஸாதனா, “அம்மா, இவன் ஏன் சோஃபா மாதிரி ஆயிட்டான்?” என்று சிரித்தாள். அப்போதும் யாருக்கும் உறைக்கவில்லை. நொண்ட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று கங்கா டாக்டரின் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். பக்கத்தில் ஸாதனாவின் பழைய நோட்டு ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். வாங்கி வந்த தீனியை எலிக்குப் பயந்து சமையலறையில் பழைய முறுக்கு டின்னில் கொட்டி மூடினாள். மறுநாள் ராத்திரி படுக்கப் போகுமுன் தமிழில் எழுதினாள்: காலை 140, மாலை 140.

அடுத்த நாள் காலை பார்த்தபோது அதற்குக் கீழே மலையாளத்தில் ஒரு வரி இருந்தது. சங்கர்ராமின் கையெழுத்து. அதிலும் 140, 140.

கங்கா திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். மலையாளம் தடையில்லாமல் பேசுவாள், பஸ் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். கையெழுத்து என்றால் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். சங்கர்ராமின் குடும்பம் நாலு தலைமுறையாகப் பாலக்காட்டுக்கும் கொச்சிக்கும் நடுவில் இருப்பது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழை அவர் சினிமா போஸ்டர் அளவுக்குப் படிப்பார், எழுதியதே இல்லை.

டாக்டருக்குத் தமிழ் படிக்க வராது என்று நான் எழுதியதை மலையாளத்தில் பெயர்த்து எழுதியிருக்கிறார் என்று கங்கா நினைத்தாள். ஒவ்வொரு நாளும் அவள் வரிக்குக் கீழே அவர் வரி வந்தது. அவளுடையது ஒரு வரி என்றால் அவருடையது சில நாள் மூன்று வரி. டாக்டருக்கு விளக்கமாகச் சொல்கிறார் போலும். பேசாவிட்டாலும் இதையாவது செய்கிறாரே. விடிகாலையில் அவர் நோட்டில் குனிந்து எழுதுவதை நினைத்தால் அவளுக்கு ஒரு மாதிரி இளகியது. வீம்பை விட்டு நாமே பேசிவிடலாமா என்றுகூட ஓரிரு நாள் தோன்றியது. அதற்குள் அவர் செருமுவார், அப்பு ஓடிவருவான், தூது ஆரம்பித்துவிடும். பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரித் துண்டு. அப்பு அதை வாங்கி, இதற்கா இவ்வளவு தூரம் ஓடிவந்தேன் என்பது போலக் கீழே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான்.

ஐந்து வாரம் கங்கா தராசில் நிறுத்துத்தான் போட்டாள். ஒரு குருணை அதிகமானாலும் எடுத்துவிடுவாள். சிந்திய தோசைத் துண்டைக்கூட அப்புவுக்கு முன் ஓடிப்போய்ப் பொறுக்கினாள். சுள்ளிக்கல்லில் அவள் கணக்கு டியூஷன் எடுக்கும் இடத்தில் பிள்ளைகள் மிட்டாய் நீட்டினால், வீட்டில் ஒருவன் பட்டினி கிடக்க நாம் தின்பதா என்று மறுத்துவிடுவாள்.

ஓணம் முடிந்த மறு வாரம் மறுபடி கிளினிக்குக்குப் போனாள். அப்பு பலகையில் ஏறி உட்கார்ந்தான்.

முப்பத்தொன்பது கிலோ அறுநூறு.

கங்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “டாக்டர், நான் ஒரு பருக்கை கூடப் போடலை. சத்தியமா.”

“தெரியும் சேச்சி. நோட்டு அவ்வளவு சுத்தமா இருக்கு.” ஷெரின் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினாள். “நூத்தி நாப்பது, நூத்தி நாப்பது. சார் அழகா எழுதறாரு. நீங்க அதையே தமிழ்லயும் எழுதி வெச்சிருக்கீங்க. இவ்வளவு ஒத்துமையா ஒரு ஜோடி என் கிளினிக்ல வேற இல்ல.”

“அவர் எழுதினதை நான் எழுதலை. நான் எழுதினதைத்தான் அவர் மலையாளத்துல எழுதறார்.”

“அப்படியா?” டாக்டர் நோட்டைக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள். “அப்ப நீங்களா எழுதினீங்க, ‘வெளிச்சம் வரும் முன்னே படகு ஜெட்டி வரைக்கும் நடந்து வந்து 140’ அப்படின்னு?”

“இல்லையே. நான் காலை 140ன்னு மட்டும்தான்…”

“‘சாயங்காலம் கோடவுன்லேந்து வந்த உடனே 140. ரொம்பப் பசி போல. கிண்ணத்தை நக்கியே தேய்ச்சுட்டான்.’”

கங்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் வீட்டுக்கு வருவது ஆறரைக்கு. அவள் அப்புவுக்குப் போட்டுவிட்டு டியூஷனுக்குக் கிளம்புவது ஐந்தே காலுக்கு. காலையில் அவர் அப்புவோடு நடந்து வரும்போது அவள் குளித்துக்கொண்டிருப்பாள். அவர் கிளம்பிப் போன பிறகு, ஏழு மணிக்கு, அவள் முறுக்கு டின்னைத் திறப்பாள்.

முன்பெல்லாம் அப்புவுக்குச் சாப்பாடு போடுவது ஸாதனாவின் வேலை. அவள் போனபின் அதை யார் செய்வது என்று அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஜூனிலிருந்து இருவருமே செய்திருக்கிறார்கள்.

“டாக்டர், இன்னும் படியுங்கோ,” என்றாள் மெதுவாக.

ஷெரினுக்குப் புரிந்தது பாதி, புரியாதது பாதி. ஆனாலும் படித்தாள். “‘கேரட் ஒரு துண்டு கூடிப்போச்சு. என் தப்பு.’ அப்புறம் ஆகஸ்ட் பதினெட்டு. ‘கங்கா தலைவலின்னு படுத்திருக்கா. அப்பு அவ கட்டிலுக்குக் கீழேயே கிடந்தான். கூப்பிட்டேன், வரலை. நானும் கொஞ்ச நேரம் வாசப்படியிலே நின்னேன். அப்புறமாத்தான் வந்து சாப்பிட்டான், 140.’ இருபத்தி மூணு. ‘ஸாதனா இப்போ வருவாள்னு வாசலையே பார்த்துண்டு உக்காந்திருந்தான். நானும்தான்.’”

டாக்டர் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “சேச்சிக்கு இதெல்லாம் தெரியும்னு நெனச்சேன்.”

ஆட்டோக்காரரிடம் கங்கா வீட்டு வழியைச் சொல்லவில்லை. “ஜூ டவுன் போங்கோ,” என்று கோடவுன் இருக்கும் யூதத் தெருவைச் சொன்னாள். சுற்றுலாக்காரர்கள் நடுவே ஆட்டோ ஊர்ந்து போனது. பழைய சாமான் கடை வாசலில் இருந்த மரக் குதிரையைப் பார்த்து அப்பு ஒருமுறை குரைத்தான்.

கோடவுனுக்குள் அவள் கடைசியாக வந்தது ஸாதனாவின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு லட்டு கொடுக்க. வாசலில் நின்றபோதே மிளகின் காரம் மூக்கில் ஏறியது. சங்கர்ராம் ஒரு மூட்டையின் வாயிலிருந்து மிளகை உள்ளங்கையில் எடுத்து, ஊதி, வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையிலிருந்ததை அப்படியே கீழே விட்டுவிட்டார்.

“எந்து பற்றி, என்ன ஆச்சு? அப்புவுக்கு ஒண்ணும் இல்லையே?”

மூன்று மாதத்துக்குப் பிறகு நேராக வந்த வார்த்தை. தூதன் வாயைத் திறந்துகொண்டு பக்கத்திலேயே நின்றான். அவன் பக்கம் அவர் பார்க்கக்கூட இல்லை.

“இன்னிக்குக் கார்த்தால அப்புவுக்குப் போட்டேளா?”

“போட்டேனே. அஞ்சே முக்காலுக்கு.”

“நான் ஏழு மணிக்குப் போட்டேன்.”

சங்கர்ராம் புரியாமல் பார்த்தார்.

“எந்த டின்லேந்து?” என்று கேட்டாள் கங்கா.

“பின்பக்கத்து அலமாரியிலே, நான் வாங்கி வெச்சது. வீட்டிலே தீனிப் பை எதையும் காணலை. சீட்டை ஒட்டிட்டு நீ வாங்க மறந்துட்டேன்னு நெனச்சு நானே வாங்கினேன்.”

“நான் முறுக்கு டின்ல கொட்டி வெச்சிருக்கேன்.”

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பிச்சைமணி துண்டை உதறிக்கொண்டு வந்தான். “அப்ப தினமும் ரெண்டு பந்தியா சாமி? ஏலே அப்பு, ஒரு வார்த்த சொன்னியாலே நீ? வாயத் தொறந்தியா?”

“அவனுக்கு என்ன, சொல்லுவானா? ராத்திரிப் பந்தியும் வெப்பாளோன்னு பார்த்துண்டிருப்பான்,” என்றார் சங்கர்ராம். அவர் உதட்டோரம் துடித்தது. ஆனால் கங்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. “எத்தனை இருக்கான்?”

“நானூறு கிராம் கூடியிருக்கான். டிசம்பருக்குள்ள முப்பத்தஞ்சு. இல்லைன்னா கத்தி. மயக்க மருந்து குடுக்க அவளுக்கே பயமா இருக்காம்.”

பிச்சைமணி ஓசைப்படாமல் மூட்டைகளுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டான்.

“நோட்டுல நான் எழுதியிருந்தேனே,” என்றார் சங்கர்ராம். “நீ பார்க்கலையா?”

“நான் எழுதினதைப் பார்த்து டாக்டருக்காக மலையாளத்துல எழுதறேள்னு நெனச்சேன்.” சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது. “நீங்க என்ன நெனச்சேள்? என் வரி முதல்லயே இருக்குமே.”

அவர் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மிளகுத் தூளைத் தட்டினார். “நான் போடறதை நீ ஒளிஞ்சிருந்து பார்த்து எழுதறேன்னு நெனச்சேன். சரியாப் போடறேனான்னு காவல் இருக்கேன்னு.”

“கோபம் வரலையா?”

“வரலை. எங்கேயோ நின்னு பார்க்கறயேன்னு…” அவர் முடிப்பதற்குள் அப்பு இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து தும்மினான். மிளகுத் தூள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறுத்தாமல் தும்மினான்.

“அவனை வெளியே கூட்டிண்டு போ,” என்றார் சங்கர்ராம். “இல்லை, இரு. நானும் வரேன்.”

அன்றிலிருந்து காலை அவருடையது, மாலை அவளுடையது. இரண்டு டின்னும் ஒரே டின் ஆயின. நோட்டு தொடர்ந்தது. கிளினிக் வரை வாராவாரம் போக முடியாது என்று சனிக்கிழமை மத்தியானங்களில் அப்புவைக் கோடவுன் தராசில் நிறுத்தார்கள். மூட்டை நிறுக்கும் தராசு. எண்கள் பெரிய சிவப்பாக எரியும். பிச்சைமணிதான் எடை சொல்பவன். அப்பு தும்மினால் எண் குதிக்கும்.

“தும்மாதலே, ஒரு தும்மலுக்கு முந்நூறு கிராம் ஏறுது பாரு!” என்று அவன் அப்புவின் மூக்கைத் துண்டால் பொத்துவான். வாசலில் சுற்றுலாக்காரர்கள் நின்று படம் எடுப்பார்கள். முப்பத்தொன்பது ஒன்று. அடுத்த வாரம் முப்பத்தெட்டு அறுநூறு. அன்றைக்குப் பிச்சைமணி தன் செலவில் எல்லோருக்கும் சாயா வாங்கினான்.

வீட்டில் பேச்சு திரும்பியிருந்தது. ஆனால் அது அப்புவைப் பற்றிய பேச்சு. பூசணி வேகவைத்தாயா, ஜெட்டி வரை நடந்தானா, நொண்டல் எப்படி. புனே என்ற வார்த்தை வந்தால் இரண்டு பேரும் கால் வைக்கும் முன் பார்த்து ஒதுங்கிப் போனார்கள். அவர் அன்றைக்குச் சொன்ன ‘கேட்டிருக்கலாம்’ என்ற ஒற்றை வார்த்தைக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

நவராத்திரி வந்தது. கொலு பார்க்கப் பெண்கள் வந்தார்கள். தினம் ஒரு சுண்டல். கங்கா வருகிறவர்களிடமெல்லாம், “மாமி, அப்புவுக்கு ஒண்ணும் குடுக்காதீங்கோ, அவன் கண்ணைப் பார்க்காதீங்கோ,” என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். கடைசி வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி, “என்னடி இது, குழந்தை கைநீட்டினா இல்லேன்னா சொல்றது?” என்று கோபித்துக்கொண்டு எழுந்துபோனார். அப்பு கொலுப்படிக்கு எதிரே தலையை முன்னங்கால்களில் வைத்து, தன்னை யாருமே வளர்க்கவில்லை என்ற பாவனையில் படுத்துக்கிடந்தான்.

ஒன்பது நாள் முடிந்து நிறுத்தபோது முப்பத்தொன்பது. நானூறு கிராம் கூடியிருந்தது.

“சாமி, பந்தி மறுபடி ஆரம்பிச்சாச்சா?” என்றான் பிச்சைமணி. யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி நடக்கும்போது கங்கா எதுவும் கேட்கவில்லை. தான் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். வேறு யார் என்று கேட்டால் அது சண்டையாகும். கேட்காவிட்டால் பழையபடி மௌனமாகும். அப்பு நொண்டிக்கொண்டே முன்னால் போனான். இரண்டு தெருவைக் கடந்ததும் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டான். சங்கர்ராம் குனிந்து அந்தக் காலைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

மறுநாள் காலை நோட்டில் புதிய ஒரு வரி இருந்தது. மலையாளம் இல்லை. தமிழ். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, முதல் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதியது போலப் பெரிதாக, கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் இருந்தது.

‘சுண்டல் நான் குடுத்தேன். ஒன்பது நாளும். ஸாதனா இல்லாம கொலு பாக்க முடியலை. அவன் முகத்தையும் பாக்க முடியலை. தப்பு.’

கங்கா காபி ஆறும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும். எதைப் பார்த்து எழுதியிருப்பார்? கொலுவுக்குப் பின்னால் ஸாதனாவின் பழைய தமிழ் அரிச்சுவடி கிடந்தது. அது நகர்ந்திருந்தது.

அவளிடம் மலையாள அரிச்சுவடி எதுவும் இல்லை. டியூஷனில் ஆறாம் வகுப்பு அதிதியிடம் புத்தகத்தை இரவல் கேட்டாள். “டீச்சருக்கு மலையாளம் தெரியாதா?” என்று அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தது. “தெரியும். எழுதத்தான் தெரியாது. நீ இந்தக் கணக்கைப் போடு,” என்றாள் கங்கா. பிள்ளைகள் கணக்குப் போட்ட ஒரு மணி நேரமும் அவள் ஒரு தாளில் வட்டம் வட்டமாகப் போட்டுப் பழகினாள். எல்லா எழுத்தும் ஒரே மாதிரி இருந்தன. எதற்கு எங்கே சுழி என்று கை மறந்து மறந்து போயிற்று.

அன்று ராத்திரி அவருடைய தமிழ் வரிக்குக் கீழே அவள் மலையாள எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள்.

‘கேட்டிருக்கலாம்.’

காலையில் அவள் குளித்துவிட்டு வந்தபோது வீட்டில் இஞ்சி வாசனை அடித்தது. சங்கர்ராம் அடுப்பின் முன் நின்று சாயா கொதிக்க விட்டுக்கொண்டிருந்தார். அவர் அடுப்பைத் தொட்டுப் பல வருஷம். நோட்டு மேசைமேல் திறந்து கிடந்தது.

“அன்னிக்கு இடுக்கிக்கு போன் பண்ணியிருக்கணும்,” என்றாள் கங்கா வாசற்படியில் நின்றபடியே. “நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கணும்.”

அவர் திரும்பவில்லை. “வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் கழிச்சு சரின்னும் சொல்லியிருப்பேன். அந்த ரெண்டு நாளை எனக்குக் குடுத்திருக்கலாம், அதாக்கும் என் வருத்தம்.”

“ம்.”

“பிச்சைமணி வாயிலேந்து கேட்டது இன்னும் காதிலே இருக்கு. இருந்தாலும் ஒரு நாய்க்கு மூட்டு போகற அளவுக்குப் பேசாம இருந்திருக்கேன் பாரு.” அவர் டம்ளரை நீட்டினார். “சர்க்கரை கம்மியாப் போட்டிருக்கேன். அவன் மட்டும் குறைஞ்சாப் போறுமா?”

“என்ன சொல்றேள்? நான் குண்டா?”

“அப்பு, நான் ஒண்ணும் சொல்லலைன்னு சொல்லுடா.”

அப்பு ஓடிவந்தான். வெள்ளரித் துண்டுகூடக் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் அவன் தலைக்கு மேலே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் கடைசி சனிக்கிழமை அவர்கள் கோடவுனுக்குப் போகவில்லை. அப்புவை நேராகக் கிளினிக்குக்கு அழைத்துப்போனார்கள். இரண்டு பேரும். ஷெரின் பலகையைத் துடைத்துச் சுழியத்தில் நிறுத்தினாள். அப்பு இப்போது தானாகவே ஏறினான், காலை இழுக்காமல். எண் முப்பத்தைந்து இருநூறு என்று காட்டியது. சங்கர்ராம் அப்புவின் கழுத்துப் பட்டையையும் இரும்புச் சங்கிலியையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முப்பத்து நாலு கிலோ எண்ணூறு.

“கழுத்துல கிடக்கறது நாயோட கனம் இல்ல,” என்றார் டாக்டரிடம், மிளகு வியாபாரியின் குரலில்.

ஷெரின் சிரித்துக்கொண்டே காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். அப்பு முனகவில்லை. நெஞ்சில் குழாயை வைத்தாள். “சத்தம் அப்படியேதான் இருக்கு. அது இருக்கும், பயமில்ல. கத்தி வேண்டாம் சார். ஆனா நூத்தி நாப்பது தொடரணும். ஆயுசு முழுக்க.”

நோட்டைத் திறந்த டாக்டர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். “இதென்ன, சார் தமிழ்ல எழுதறாரு, சேச்சி மலையாளத்துல எழுதறாங்க. இப்ப நான் யாரோடதைப் படிக்கறது?”

“எதைப் படிச்சாலும் அதே தான்,” என்றாள் கங்கா. “இப்ப நெஜமாவே அதே தான்.”

திங்கட்கிழமை அவளுக்கு டியூஷன் நீண்டுவிட்டது. எட்டரைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது அப்பு வாசலிலேயே படுத்திருந்தான். வாலை ஒருமுறை தரையில் அடித்தான், நிறுத்தினான். மெல்ல எழுந்து போய்க் காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து அவள் காலடியில் சேர்த்தான். உட்கார்ந்தான். கண் இரண்டும் குளம் மாதிரி இருந்தன.

மாலைச் சாப்பாடு அவளுடைய பொறுப்பு. ஐந்தே காலுக்கு அவசரத்தில் போட்டாளா, மறந்துபோய் ஓடினாளா? யோசித்தாள். நினைவு வரவில்லை. கை டின் மூடிமேல் போயிற்று. அப்புவின் காது நிமிர்ந்தது.

கங்கா மூடியைத் திறக்காமல் உள் அறைப் பக்கம் திரும்பினாள்.

“அப்புவுக்குப் போட்டாச்சா?”

“போட்டாச்சு, போட்டாச்சு!” சங்கர்ராமின் குரல் வந்தது. “நீ மறந்துட்டு ஓடினே, கிண்ணம் கழுவினபடியே இருந்தது, நான் வந்து போட்டேன். நம்பாதே அவனை!”

அப்பு கிண்ணத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டான்.